பிடிபட்ட மறுநாள் காலை, அவன் யார் முன்னால் உட்கார வேண்டும்?

எதிர்வீட்டு அக்காவோடு நான் நீதிமன்ற வாசலில் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் கையில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு துண்டு, இரண்டு சட்டை, பற்பசை, ஒரு பன் பாக்கெட். மகனுக்கு இருபத்திரண்டு வயது. முந்தைய நாள் இரவு சட்டைப்பையில் ஒரு சின்னக் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டிருந்தான். வேனிலிருந்து இறங்கும்போது ஓயாமல் கொட்டாவி விட்டான். மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. சித்திரை மாத வெயிலில் அவன் கையில் மயிர்க்கூச்சம் எடுத்திருந்தது. ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது என்றார் கூட வந்த காவலர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவனை அரித்துக்கொண்டிருந்தது கஞ்சா இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றும் பழக்கம் அவனுக்கு ஒரு வருடமாக இருந்திருக்கிறது. முழுக்கைச் சட்டையை அவன் ஏன் ஒருநாளும் மடித்துவிட்டதில்லை என்று அக்காவுக்கு அன்றுதான் புரிந்தது. கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம் மூன்றும் அபின் வகை மருந்துக்கு அடிமையான உடம்பு அது கிடைக்காமல் தவிக்கத் தொடங்குவதன் முதல் அடையாளங்கள். மனநல மருத்துவர் யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருப்பார். அன்று அவனைப் பார்த்தவர்கள் ஒரு உதவி ஆய்வாளர், இரண்டு காவலர்கள், ஒரு எழுத்தர், நடுவர், வாசலில் நின்ற ஜாமீன் தரகர். ரிமாண்டுக்கு முன் ஒரு மருத்துவரும் பார்த்தார். உடம்பில் காயம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு ஜாமீன்தாரர்கள் கிடைக்காமல் பன்னிரண்டு நாள் உள்ளே கிடந்தான்.

போதைப் பழக்கம் குற்றமா, நோயா என்று கேட்டால் நம்மில் பலரும் நோய்தான் என்று உடனே சொல்லிவிடுவோம். மேடையில் சொல்வது சுலபம். அதைச் சட்டமாகவும் அலுவலகமாகவும் ஆக்கும்போது நாடுகள் வெவ்வேறு வழியில் போயிருக்கின்றன. சில தடுக்கி விழுந்திருக்கின்றன. அந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: பிடிபட்ட மறுநாள் காலை, அந்தப் பையன் யார் முன்னால் உட்காருகிறான்?

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் ஒப்பிடும் எந்த வழியிலும் விற்பவனுக்கு மன்னிப்பு இல்லை. போர்ச்சுக்கலிலும் ஹெராயின் விற்றால் சிறைதான். பேச்சு முழுவதும் சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருந்தவனைப் பற்றியது.

நம் சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1985-இல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, உட்கொள்வதையே குற்றம் என்கிறது. ஹெராயின், கொக்கைன், மார்ஃபின் என்றால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை. 'சிறிய அளவு' என்பதற்கும் கணக்கு உண்டு: ஹெராயின் 5 கிராம், கஞ்சா 1 கிலோ. இந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகும் வழக்குகளில் பாதிக்கு மேல் சொந்த உபயோகத்துக்காக வைத்திருந்தது தொடர்பானவை என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகள் காட்டுகின்றன. கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கட்டிய வலையில் விழுந்துகொண்டிருப்பது பெரும்பாலும் சின்ன மீன்கள்.

சிறை என்ற வழிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது பயம். தண்டனை இருந்தால் பையன்கள் பயப்படுவார்கள் என்பது. அந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பிள்ளை பெற்ற யாருக்கும் அது வரும். ஆனால் அந்தப் பயம் எங்கே போய் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஊசி போடுகிறவன் போலீசுக்குப் பயந்து ஊசி போடுவதை நிறுத்துவதில்லை. கையில் சொந்த ஊசி வைத்துக்கொள்ளப் பயப்படுகிறான். அதனால் கூட்டாளியின் ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்கிறான். எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் வருவது அந்த வழியாகத்தான். நண்பன் மூச்சுத் திணறிக் கிடந்தால் ஆம்புலன்சை அழைக்கப் பயப்படுகிறான். மருத்துவமனைச் சீட்டில் பெயர் எழுதப் பயப்படுகிறான். 2019-இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, அபின் வகைப் பொருள்களால் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டவர்கள் இந்தியாவில் சுமார் 77 லட்சம் பேர். சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்கள் இருபது பேருக்கு ஒருவர்.

சிறைக்கு இன்னொரு விலையும் உண்டு. உள்ளே இருக்கும் நாள்களில் உடம்பு மருந்தைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவன் பழைய அளவையே போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் சாகும் வாய்ப்பு பொதுமக்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. எதிர்வீட்டுப் பையன் பன்னிரண்டாம் நாள் வெளியே வந்தபோது இதை அக்காவுக்குச் சொல்ல யாரும் இல்லை. சிறையில் மூன்று வேளையும் சாப்பிட்டு, போதை தெளிந்து வந்திருக்கிறான் என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

அடுத்த வழி, சிறை வேண்டாம், கட்டாயமாக மறுவாழ்வு மையத்தில் அடை என்பது. கேட்பதற்குப் பரிவாக இருக்கிறது. இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 54-ஆம் எண் சட்டம் இதைத்தான் செய்கிறது. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு மையத்தில், படைத்தரப்பின் பொறுப்பில், போதைக்கு அடிமையானவர்கள் வைக்கப்பட்டார்கள். 2022 ஜூனில் உள்ளே ஒருவர் இறந்துபோனார். அதையடுத்து மூண்ட கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துத் தப்பி ஓடினார்கள். நோயாளி எந்த மருத்துவமனையிலிருந்து இப்படிக் கூட்டமாக ஓடுவான்? அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 2012-இல், ஐ.நா. சபையின் பன்னிரண்டு அமைப்புகள் சேர்ந்து இத்தகைய கட்டாய மையங்களை மூடச் சொல்லி அறிக்கை விட்டிருந்தன.

தமிழ்நாட்டில் இதற்குத் தனியார் வடிவம் உண்டு. குடும்பமே பணம் கட்டி, இரவில் நான்கு பேர் வந்து கையைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் மையங்கள். எல்லா மையங்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை போல, போதைக்கு அடிமையானவரையும் அவர் குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும் நிறுவனங்களும் இங்கேதான் வளர்ந்தன. ஆனால் எதிர்வீட்டு அக்கா கடன் வாங்கிச் சேர்த்த இடத்தில் மருத்துவர் வாரத்துக்கு ஒருமுறை வருவார் என்றார்கள்; மூன்று வாரத்தில் ஒருமுறைகூட வரவில்லை. பையன் முதுகில் தடிப்போடு திரும்பி வந்தான். வந்த நான்காம் நாள் மறுபடி ஊசி.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அங்கே தூக்குமேடை கடத்தலுக்கானது. 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. உபயோகித்தது மட்டுமே தவறு என்றால், வேறு குற்றம் எதுவும் சேராதவரை, நீதிமன்ற வழக்கில்லாமல் நிர்வாக ஆணையின் மூலம் போதை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புகிறார்கள். அதாவது, கண்டிப்புக்கு உதாரணமாக நாம் காட்டும் நாடே உபயோகிப்பவனையும் விற்பவனையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. கட்டாயம் என்ற குறை அங்கேயும் இருக்கிறது. அந்த மாதிரியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி, தண்டனையை நீக்கிப் பார்த்த இரண்டு இடங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரும் இந்த விஷயத்தில் முடிவுக்கு வரக் கூடாது என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் ஒன்று அதீத நம்பிக்கைக்குப் போகிறார்கள், அல்லது முற்றாகக் கைகழுவிவிடுகிறார்கள்.

1974 புரட்சிக்குப் பிறகு உலகத்துக்குக் கதவைத் திறந்த போர்ச்சுக்கலுக்குள் ஹெராயினும் வந்தது. 1990-களின் இறுதியில் நூற்றில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமை என்று மதிப்பிட்டார்கள். லிஸ்பனில் காசல் வென்டோசோ என்ற குடியிருப்பு திறந்தவெளிச் சந்தையாகிவிட்டிருந்தது. அமைச்சர் வீட்டிலும் மீனவர் வீட்டிலும் ஒரு பிள்ளை அதில் கிடந்தது. 1998-இல் அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அதில் ஜுவாவ் கூலாவ் என்ற குடும்ப மருத்துவரும் இருந்தார். பின்னர் பல ஆண்டுகள் அந்நாட்டின் போதைத் தடுப்புக் கொள்கைக்குப் பொறுப்பேற்றவர் அவர்தான். குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்த சட்டம் 2001 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் போதைப்பொருளை அனுமதிக்கவில்லை. பத்து நாள் உபயோகத்துக்கு உள்பட்ட அளவு, உதாரணமாக ஹெராயின் 1 கிராம், கஞ்சா இலை 25 கிராம், வைத்திருந்தால் அது குற்றம் என்ற நிலையிலிருந்து நிர்வாக விதிமீறல் என்ற நிலைக்கு இறங்கியது. போலீஸ் பொருளைப் பறிமுதல் செய்யும். பையனை 72 மணி நேரத்துக்குள் ஓர் ஆணையத்தின் முன் வரச் சொல்லும். மாவட்டத்துக்கு ஒன்றாக அந்த ஆணையங்கள் அமைக்கப்பட்டன. மூன்று உறுப்பினர்கள்: சட்டம் தெரிந்தவர் ஒருவர், மற்ற இருவர் மருத்துவம், உளவியல், சமூகப் பணி போன்ற துறைகளைச் சேர்ந்தவர்கள். கருப்பு அங்கி கிடையாது, கூண்டு கிடையாது. சாதாரண அலுவலக அறை, ஒரு மேசை, நாற்காலிகள். எப்போது தொடங்கினாய், வீட்டில் யார் இருக்கிறார்கள், வேலை உண்டா, தூக்கம் வருகிறதா என்று கேட்கிறார்கள். அடிமையாகாதவன், முதல் தடவை வந்தவன் என்றால் நடவடிக்கையை நிறுத்திவைத்து அனுப்பிவிடுகிறார்கள். அடிமையானவன் என்றால் சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார்கள். போக ஒப்புக்கொண்டால் கோப்பு மூடி வைக்கப்படும்.

எனக்கு மிகப் பிடித்த ஒரு விதி அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அடிமையாகாதவனுக்கு அபராதம் போடலாம்; அடிமையானவனுக்கு அபராதம் போடக் கூடாது. கையில் காசில்லாதவனிடம் அபராதம் கேட்டால் அவன் திருடித்தான் கட்டுவான் என்று யோசித்த ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்து சட்டம் எழுதியிருக்கிறார்.

பலன்? ஊசி வழியாக எச்.ஐ.வி. தொற்றியவர்கள் சட்டம் வந்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் புதிதாகக் கண்டறியப்பட்டார்கள். 2010-களின் இறுதியில் அது இருபதுக்கும் கீழே வந்துவிட்டது. சிறைவாசிகளில் போதைக் குற்றங்களுக்காக உள்ளே இருந்தவர்களின் பங்கு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. நாடே போதையில் மூழ்கும் என்று பயந்தது நடக்கவில்லை. ஆனால் இந்தப் பலனைச் சட்டம் மட்டும் கொண்டுவரவில்லை. சட்டத்தோடு சேர்த்து, ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தைத் தரும் வண்டிகள் தெருவுக்கு வந்தன, சுத்தமான ஊசி கொடுத்தார்கள், வேலைக்குச் சேர்க்கும் முதலாளிக்கு மானியம் கொடுத்தார்கள். பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2012-இல் இவற்றையெல்லாம் கவனித்துவந்த தனி அமைப்பைக் கலைத்து, சிகிச்சையை வட்டாரச் சுகாதார நிர்வாகங்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள், பணமும் சுருங்கியது. போர்ட்டோ நகரத் தெருக்களில் மறுபடி ஊசிகள் தெரிய ஆரம்பித்தன. சட்டம் அப்படியேதான் இருந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் 58 விழுக்காட்டு ஆதரவோடு 110-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2021 பிப்ரவரி 1 முதல், சிறிதளவு வைத்திருந்தால் 100 டாலர் அபராதச் சீட்டு. சீட்டில் உள்ள எண்ணை அழைத்து ஆரோக்கிய மதிப்பீட்டுக்கு உட்பட்டால் அபராதம் ரத்து. அழைக்காவிட்டால்? ஒன்றும் நடக்காது. போர்ச்சுக்கலில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று மனிதர்கள் இருந்தார்கள். ஓரிகனில் இருந்தது ஒரு தொலைபேசி எண். முதல் 15 மாதங்களில் அந்த எண்ணுக்கு வந்தவை 119 அழைப்புகள்.

அங்கே சட்டப்படி விற்கப்படும் கஞ்சாவின் வரியிலிருந்து சிகிச்சைக்கென ஒதுக்கிய பணமும் சேவை அமைப்புகளின் கைக்குப் போய்ச் சேர ஓராண்டுக்கு மேல் இழுத்தது. தண்டனை முதல் நாளே போனது; சிகிச்சை வந்து சேரவில்லை. அதே வேளையில் ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் என்ற செயற்கை மருந்து அந்த மாநிலத்துக்கு வந்து இறங்கியது. மரணங்கள் கூடின. ஃபென்டனில் பரவிய காலத்தைக் கணக்கில் சேர்த்துப் பார்த்த ஆய்வில், மரணங்கள் கூடியதற்கும் இந்தத் தீர்மானத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் நடைபாதையில் மயங்கிக் கிடப்பவர்களைத் தாண்டி வேலைக்குப் போகும் மக்களிடம் ஆய்வறிக்கை எடுபடுமா? 2024 செப்டம்பர் 1 முதல் ஓரிகனில் சிறிதளவு வைத்திருப்பது மறுபடி குற்றமாகிவிட்டது. நல்ல நோக்கத்தை அரைகுறையாகச் செய்தால் அந்த நோக்கமே பல ஆண்டுகளுக்குப் பெயர் கெட்டுப்போகிறது. எனக்கு ஓரிகன் மேல் கோபம் இருப்பதன் காரணம் இதுதான்.

சுவிட்சர்லாந்தைப் பற்றி ஒரு வார்த்தை. சூரிச் நகரின் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் ஊசிக் கூட்டம் பெருகி, 1992-இல் பூங்காவை மூடினார்கள். கூட்டம் பக்கத்து ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். 1994-இலிருந்து, வேறு எந்தச் சிகிச்சையும் பலிக்காதவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஹெராயினையே மருந்தாகக் கொடுக்கும் மையங்கள் வந்தன. 2008-இல் வாக்காளர்களில் 68 விழுக்காட்டினர் அதை ஆதரித்தார்கள். நம் ஊரில் இன்று அதைப் பேசுவதில் பயனில்லை. முதல் படியையே நாம் ஏறவில்லை.

ஆகவே, நான் தேர்ந்தெடுப்பது போர்ச்சுக்கலின் வழியை. ஆனால் ஓரிகன் செய்த பிழையை மனத்தில் வைத்து, தலைகீழ் வரிசையில்: முதலில் மருத்துவர், பிறகு சட்டத் திருத்தம். சிறிய அளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று 2021-இல் மத்திய சமூக நீதி அமைச்சகமே கருத்துத் தெரிவித்ததாகச் செய்தி வந்தது. அது நாடாளுமன்றத்தில் நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் கதவு ஏற்கெனவே சட்டத்துக்குள் இருக்கிறது.

நம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். போதைக்கு அடிமையானவர், 27-ஆவது பிரிவின்படியோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டு, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். 39-ஆவது பிரிவோ, குற்றம் நிரூபணமான பிறகும் உடனே தண்டிக்காமல், அவர் சம்மதத்தோடு, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பிடிபட்ட இரவில் எதிர்வீட்டுப் பையனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவனுக்காக வந்த வழக்கறிஞரும் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் சீக்கிரம் முடியும் என்றார்.

இதற்குத் தேவையானவை பெரிய செலவுகள் இல்லை. ரிமாண்டுக்கு முன் பரிசோதிக்கும் மருத்துவரின் படிவத்தில் ஊசித் தழும்பு, கொட்டாவி, மயிர்க்கூச்சம் பற்றிய நான்கு கேள்விகள். நடுவர் நீதிமன்றத்தின் சட்ட உதவி மையத்தில் 64ஏ மனு தமிழில் அச்சிட்டு வைத்திருக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து ஒரு ஆலோசகர் தினமும் காலை நீதிமன்றத்துக்கு வந்து உட்கார வேண்டும். சிறைக்குள்ளும் மாற்று மருந்து தொடர வேண்டும். விடுதலையாகிறவன் கையில் மருத்துவமனைச் சீட்டு இருக்க வேண்டும். கஞ்சா மட்டுமே பிடித்த, அடிமையாகாத கல்லூரிப் பையனுக்கு இதில் பாதிகூடத் தேவைப்படாது. பறிமுதலும் ஒரு மணி நேரப் பேச்சும் போதும். அவனைச் சிறைக்கு அனுப்பி அங்கே ஹெராயின் விற்பவனோடு பழகவிடுவதைவிட எது செய்தாலும் தேவலை.

மாற்று மருந்து என்பது போதைக்குப் போதை என்று சொல்பவர்களுக்கு: புப்ரெநார்ஃபினும் மெத்தடோனும் 2005-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே இந்தியாவில் இவற்றைத் தருகிறது.

எதிர்வீட்டுப் பையன் இப்போது அப்படி ஒரு மையத்துக்குப் போகிறான். செவிலியர் மாத்திரையை நொறுக்கி, அந்தப் பொடியை அவன் நாக்குக்கு அடியில் போடுகிறார். அது கரையும்வரை பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அக்கா, அதே மஞ்சள் பையோடு. வாயைத் திறந்து காட்டிவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவன் இரு சக்கர வாகனப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். ஏழு மாதமாக முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு திரிகிறான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா நாளில் நீதிமன்றத்தில் பத்தரை மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். மையம் திறப்பது ஒன்பதரைக்கு. அன்று மட்டும் அம்மாவும் மகனும் எட்டு மணிக்கே மையத்தின் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், முதல் ஆளாக மருந்து வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க.